தோற்க வேண்டிய குதிரை

சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டிலிருந்து மன்னார்புரம் போகிற வழியில் ஒரு பேப்பர் கடை இருக்கிறது. ரேஸ் புத்தகம் அங்கேதான் கிடைக்கும் என்று என் கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், கஞ்சி போட்ட வாயில் புடவையும் துணிப்பையுமாகப் போய் நின்று ரேஸ் புக் ஒன்று கொடுங்கள் என்று கேட்டால் கடைக்காரர்தான் என்ன செய்வார், பாவம். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது ஆண்பிள்ளை நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். யாருக்கும்மா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அப்படிச் சுற்றிக் கொடுத்ததில்தான் எனக்குக் கோபம் வந்தது.

கோபம் கடைக்காரர் மேல் இல்லை. அந்தப் புத்தகத்தோடு எனக்குப் பழைய பகை. கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த புதிதில் அது எங்கள் வீட்டில் தலையணைக்கு அடியில் இருக்கும். என் கணவர் கல்யாணத்துக்கு முன்னால் ஆறேழு வருஷம் சென்னையில் வெல்டராக வேலை பார்த்தவர். அங்கே அறைத் தோழராக இருந்தவர் தென்னூர்க்காரர், அவரை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். இரண்டு பேருமாகச் சேர்ந்து குதிரை பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். திருச்சிக்குத் திரும்பி, துவாக்குடியில் ஒரு பட்டறையில் சேர்ந்த பிறகும் இவருக்கு அது விடவில்லை. என் ஒரு ஜோடி வளையல் குதிரையில் போயிற்று. அப்புறம் ஒரு சங்கிலி போயிற்று. சங்கிலி போன அன்று நான் கத்தவில்லை, அழவில்லை. ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். அதற்கே மனிதர் விட்டுவிட்டார். பதினாறு வருஷமாக ஒரு ரூபாய் கட்டியதில்லை. இப்போது அதே புத்தகத்தை நானே போய்க் காசு கொடுத்து வாங்கி வருகிறேன். என்னத்தைச் சொல்வது.

எல்லாம் நான் சொன்ன ஒரு பொய்யால் வந்தது.

சித்திரை மாதத்தில் அவருடைய கண்ணைக் காட்டப் போயிருந்தோம். கண்ணில் பிரஷர் என்று நாலைந்து வருஷமாகவே சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். வலது கண் போய்விட்டிருந்தது. இடது கண்ணில் ஒரு சாவித்துவாரம் அளவுக்குத்தான் தெரியும். சோதனையெல்லாம் முடித்து அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார். நரம்பு காய்ந்துவிட்டது, போனது போனதுதான், மிச்சம் இருப்பதும் ரொம்ப நாளைக்கு நிற்காது, இதற்கு ஆபரேஷன் எதுவும் கிடையாது. வெளிநாட்டில் கூடவா என்று கேட்டேன். எந்த நாட்டிலும் இல்லைம்மா என்றார்.

வெளியே வந்தேன். கண்ணில் மருந்து ஊற்றியிருந்ததால் அவர் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டு முகத்தைத் தூக்கினார். என்ன சொன்னார் என்று கேட்டார்.

"ஆபரேஷன் இருக்குதாம்ங்க. வெளியூர்லதான் பண்ணுவாங்களாம். அஞ்சு லட்சம் ஆகுமாம், இன்சூரன்ஸ்ல வராதாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். எங்கள் வீட்டில் எதற்கும் காசில்லை என்பதுதான் பதில். சொந்த வீடு ஏன் வாங்கவில்லை, காசில்லை. பிள்ளை இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஏன் காட்டவில்லை, காசில்லை. காசில்லை என்று சொல்லிவிட்டால் யார் மேலும் தப்பில்லை, மேலே பேச ஒன்றும் இல்லை, சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். வழியே இல்லை என்று சொல்வதை விடக் காசில்லை என்று சொல்வது அவருக்கு வலிக்காது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "அஞ்சு லட்சத்துக்கு எங்க போறது, விடு" என்றார். ஆட்டோவில் வரும்போது காவேரிப் பாலத்தில் தண்ணீர் ஓடுகிறதா என்று மட்டும் கேட்டார். மணல்தான் கிடக்கிறது என்றேன்.

விஷயம் அதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். முட்டாள் நான்.

ஆனி மாதத்தில் அவர் தன் ஸ்கூட்டரை விற்றார். ஓட்ட முடியாத வண்டி மாடிப்படிக்குக் கீழே நின்று என்ன செய்யப் போகிறது என்று நானும் தலையை ஆட்டினேன். இருபத்தையாயிரத்துக்குப் போயிற்று. பணத்தை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தவர் அப்போதுதான் சொன்னார். பெங்களூரில் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் பெரிய ரேஸ் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது. பாய் வழக்கம்போல நேரில் போகிறார். பணத்தை அவரிடம் கொடுத்தனுப்பினால் நாம் சொல்கிற குதிரையில் கட்டிவிடுவார். ஒன்றுக்கு இருபது கொடுக்கிற குதிரை ஒன்று அடித்தால் போதும், ஆபரேஷனுக்கு ஆச்சு.

"ஒரே ஒரு தடவை, டீச்சர். கண்ணுக்காகத்தான். நீ படிச்சுச் சொன்னா நான் குதிரைய எடுத்துருவேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அதில் கொஞ்சம் கிண்டல் இருக்கும். அன்றைக்கு இல்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் பையை எடுத்துக்கொண்டு புத்தகம் வாங்கப் போனேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் படிக்க ஆரம்பித்தோம். பெரிய ரேஸில் பன்னிரண்டு குதிரை. ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில் அதன் அப்பா, அம்மா, எடை, ஓட்டுகிற ஜாக்கி, கடைசியாக ஓடிய ஓட்டங்களில் வந்த இடம் எல்லாம் வரிசையாக எண்களில் இருந்தன. எனக்கு எண்கள் என்றால் பயமில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், நான் வாசித்தேன். வாசிக்க வாசிக்க அவர் விளக்கினார். இந்த ரேஸில் எல்லாக் குதிரைக்கும் ஒரே வயது. ஆணுக்கு ஓர் எடை, பெட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் எடையைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. தூரம் ஒன்றரை மைல், அதுதான் எமன். இத்தனை நாள் குறைந்த தூரத்தில் ஜெயித்த குதிரையெல்லாம் கடைசிக் கால் மைலில் மூச்சு வாங்கும். அதனால் எத்தனை தடவை ஜெயித்தது என்று பார்க்காதே, எந்தத் தூரத்தில் ஜெயித்தது என்று பார்.

நான் ஒரு பழைய நோட்டில் கட்டம் போட்டேன். சமீபத்திய ஓட்டத்துக்கு முப்பது மார்க், தூரத்துக்கு முப்பது, ஜாக்கிக்கு இருபது, மிச்சத்துக்கு இருபது. அவர் சிரித்தார். குதிரைக்கு அரைப் பரீட்சை வைக்கிறாயா என்று கேட்டார்.

ஒன்றாம் நம்பர் ஊரே கட்டுகிற குதிரை. ஒன்பது தடவை ஓடி ஆறு தடவை முதல். ஆனால் அதன் அப்பன் குட்டைத் தூரத்துக்காரன், மகனும் ஒரு மைலைத் தாண்டி ஓடியதில்லை. மூன்றாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் முன்னால் ஓடியே தீரும் ரகம். இரண்டும் ஒரே ரேஸில் இருந்தால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டுபோய் இரண்டும் கெடும் என்றார். ஆறாம் நம்பர் ஒரு பெட்டை. இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு என்றே வந்திருந்தது. என் வகுப்பில் வருஷத்துக்கு ஒரு பெண்ணாவது அப்படி இருக்கும். எவ்வளவு படித்தாலும் முதல் ரேங்க் வராது, அழவும் அழாது. அதற்கு நான் இரக்கப்பட்டு ஐந்து மார்க் கூடப் போட்டேன். அதெல்லாம் செல்லாது என்று அடிக்கச் சொன்னார். எட்டாம் நம்பர்தான் அவர் மனசில் விழுந்தது. கடைசி இரண்டு ஓட்டத்திலும் பின்னாலிருந்து வந்து பிடித்திருந்தது, தூரம் போகப் போக வேகம் ஏறும் ஜாதி, நல்ல ஜாக்கி. என் கட்டத்திலும் அதற்குத்தான் அதிக மார்க் வந்தது.

அன்றைக்கு அடுப்பில் வைத்த ரசம் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது, எனக்குத் தெரியவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நான் சந்தோஷமாக இருந்தேன். நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கண் மங்க ஆரம்பித்ததிலிருந்து அவர் என்னிடம் பேசுவதே தண்ணி எங்க இருக்கு, லைட்டைப் போட்டியா என்கிற அளவில்தான். அன்றைக்கு அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். எட்டாம் நம்பர் ஜெயித்துவிடும் என்று எனக்கே தோன்றியது. ஜெயித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நிமிஷம்தான் இருந்தது. ஜெயித்தால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் உறைத்தது.

தோற்றால் பிரச்சினையே இல்லை. தோற்பதில் அவர் கைதேர்ந்தவர். அடச்சே என்று ஒரு வார்த்தை சொல்லுவார், ஜாக்கியைத் திட்டுவார், நம் ராசி அவ்வளவுதான் என்று துண்டை உதறிப் போட்டுக்கொள்வார். காசு கிடைக்கவில்லை, அதனால் கண் கிடைக்கவில்லை என்று ஆகிவிடும். அதோடு அவரால் வாழ முடியும். ஆனால் ஜெயித்து, ஐந்து லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால்?

வெள்ளிக்கிழமை மத்தியானம், கவரில் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு பஸ் மாறித் தென்னூருக்குப் போனேன். பாய் பன்னிரண்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து இப்போது செல்போன் உறை, சார்ஜர் எல்லாம் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். ஜும்ஆ தொழுதுவிட்டு அப்போதுதான் கடை திறந்திருந்தார். ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். டாக்டர் சொன்னது, நான் சொன்னது, இரண்டையும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அவர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கட்டாதீர்கள் என்று கேட்டேன். குதிரை எப்படியும் தோற்கும், அவருக்குத் தெரியப்போவதில்லை.

"அது மட்டும் முடியாது தங்கச்சி. ஒருத்தர் காசக் குடுத்து இந்தக் குதிரைன்னு சொல்லிட்டா அதுலதான் போடணும். போடாம பாக்கெட்ல வெச்சிருந்தா, அது திருட்டு. நாளைக்கு அது அடிச்சிருச்சுன்னா நான் மாப்ள மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்றார்.

ரேஸ்காரர்களுக்கு இப்படி ஒரு நேர்மை இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வளையலும் சங்கிலியும் போன காலத்தில் தெரிந்திருந்தால் கூடக் கொஞ்சம் மரியாதை வைத்திருப்பேன். நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள், தனியாகச் சொல்ல பயமாக இருந்தால் நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். ரேஸ் முடியட்டும் பாய் என்றேன். டீ சொன்னார், குடித்துவிட்டு வந்தேன். பணம் அவரிடம் போய்விட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முடிவு செய்தேன். பணம் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், குதிரை எது என்பதையாவது நான் பார்த்துக்கொள்கிறேன். ஜெயிக்கிற குதிரையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஊரெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறது. தோற்கிற குதிரையைக் கண்டுபிடிப்பது சுலபம். பன்னிரண்டில் பதினொன்று தோற்கத்தானே போகிறது. ஸ்கூட்டர் போனால் போகட்டும்.

அன்று சாயங்காலம் கட்டத்தைத் தலைகீழாகப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கீழே பதினொன்றாம் நம்பர் இருந்தது. நூற்றுக்குப் பத்தொன்பது. ஒன்பதாவது, பத்தாவது, கடைசி, எட்டாவது என்று வந்த குதிரை. ஜாக்கி புதுசு. ஒன்றுக்கு முப்பது கொடுக்கத் தயாராக இருந்தார்கள், கொடுக்க வேண்டி வராது என்கிற தைரியம்தான். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. மார்க் வராத குதிரைக்கு அது எதற்கென்று நான் படிக்கவில்லை. விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. முதல் பக்கத்திலேயே பையன் ஃபெயில் என்று தெரிந்துவிட்டால் கடைசிப் பக்கத்தை ஒழுங்காகப் பார்க்க மாட்டோம்.

ஆனால் அவரை எட்டாம் நம்பரிலிருந்து எப்படிக் கிளப்புவது? எண்ணை மாற்றிப் படித்தால் பிடித்துவிடுவார், வியாழக்கிழமை கேட்டது முழுக்க மனசில் இருந்தது. அவருடைய பலவீனம் ஒன்று எனக்குத் தெரியும். அவர் திருவெள்ளறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்க்கிற வம்சம். மயிர் சுழிந்திருக்கும் இடத்தை வைத்து, இந்த மாடு வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்லிவிடுவார்கள். எத்தனை பால் கறந்தாலும் சுழி சரியில்லை என்றால் கயிற்றைத் தொட மாட்டார்கள். குதிரைக்கும் அதே சட்டம்தான் என்பது அவருடைய நம்பிக்கை. சென்னையில் இருந்தபோது கூட, குதிரைகளை ஓட்டத்துக்கு முன்னால் சுற்றிக் காட்டுகிற இடத்தில் வேலியோரமாக நின்று நெற்றியைத்தான் பார்ப்பாராம். நெற்றி நடுவில் ஒற்றைச் சுழி, மேல்நோக்கி ஏறினால் உத்தமம். இரண்டு சுழி எதிரும் புதிருமாக இருந்தால் பக்கத்திலேயே போகக் கூடாது. பாய் இதற்காக இவரைக் கேலி செய்யாத நாளில்லை.

சனிக்கிழமை காலையில், ரேஸ் ஆட்களின் வாட்ஸப் குழுவில் வந்த குதிரைப் படங்களைப் பாய் எங்களுக்கு அனுப்பிவைத்தார். இவருக்கு அது கிடைத்தது போதும், நெற்றி நெற்றியாகப் பார்த்துச் சொல்லு என்று போனை என் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சுழி ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் எடுத்த படங்கள், எல்லாக் குதிரையும் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தது. எட்டாம் நம்பருக்கு வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இதுக்கு ரெண்டு இருக்கு போலங்க. ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. நன்றாகப் பார் என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். பதினொன்றாம் நம்பர் தலையில் துணி முகமூடி மாட்டியிருந்தது, நெற்றியே தெரியவில்லை. அதற்கு ஒற்றைச் சுழி, நட்டநடுவில், மேலே ஏறுகிறது என்று சொன்னேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் போனையே பார்த்துக்கொண்டு சொன்னேன். பார்த்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது, இருந்தாலும் முடியவில்லை.

அவர் அந்தக் குதிரையின் எண்களை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். ஒன்பது, பத்து, பன்னிரண்டு, எட்டு. யாரும் கட்ட மாட்டார்கள் என்றார். அதனால்தானே அந்த விலை கொடுக்கிறார்கள் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். தெரிந்தே ஒருத்தருக்குத் தப்பான விடை சொல்லிக்கொடுத்தது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரிலிருந்து பாய் போன் செய்தபோது இவர் பதினொன்று என்று சொன்னார். பாய் மறுபடி மறுபடி கேட்டார். சுழி இருக்கு மாப்ள, டீச்சரே பார்த்தாள் என்றார் இவர். பாய் பெருமூச்சு விட்டது எனக்கும் கேட்டது. இங்கே நல்ல மழை, ராத்திரியிலிருந்து விடவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மழையைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் வெயில் கொளுத்தியது.

மத்தியானம் அவர் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் பனியனோடு இருக்கிற மனிதர். போனில் நேரலை வந்தது, நான் பார்த்துச் சொல்ல வேண்டும். வர்ணனை இங்கிலீஷில், குதிரைகளின் பெயரை வைத்து ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்ததும் மூன்றும் ஐந்தும் முன்னால் பாய்ந்தன, அவர் சொன்ன மாதிரியே. பதினொன்று எங்கே என்று கேட்டார். கடைசியில் என்றேன். கடைசிக்கு முன்னாலா, கடைசியேவா என்றார். கடைசியேதான் என்றேன். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பெருமாளே, இப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பாதி தூரம் வரைக்கும் இருந்தது. தரை சேறாகி, குதிரைகளின் முகமெல்லாம் மண் தெறித்து எந்த நம்பரும் தெரியவில்லை, வர்ணனையில் பெயரைக் கேட்டுத்தான் சொன்னேன். கடைசி வளைவில் முன்னால் ஓடியவை இரண்டும் தள்ளாடின. ஒன்றாம் நம்பர் முன்னால் வந்தது, அதுவும் திணறியது. எட்டாம் நம்பர் சேற்றில் காலை எடுக்கவே யோசித்தது. வெளிப்பக்கமாக ஒன்று தனியாக, எதையும் சட்டை செய்யாமல் வந்துகொண்டிருந்தது. முகத்தில் துணி.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அவருக்கு நான் தேவைப்படவில்லை. வர்ணனைக்காரர் அந்தப் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. என் கணவர் எழுந்து நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி கேட்டார்.

அப்புறம்தான் நான் புத்தகத்தை எடுத்து அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். போன வருஷம் வேறொரு ஊரில், அடைமழையில், நனைந்த தரையில், இதே குதிரை தன்னை விடப் பெரிய குதிரைகளோடு ஓடி மூன்றாவதாக வந்திருக்கிறது. நான் வாசித்துக் காட்டியிருந்தால், மழை என்று பாய் சொன்ன அந்த நிமிஷமே இவர் அதைத்தான் எடுத்திருப்பார். சுழியெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

அவர் அழுதார். நான் அழுததற்கு வேறு காரணம், அவருக்கு அது தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து அழுகிறோம் என்று நினைத்து என் தலையைத் தடவினார். டாக்டருக்குப் போன் போடு என்றார். ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்க மாட்டார்கள் என்றேன். சரி நாளைக்கு என்றார். அன்று முழுக்க ஓயாமல் பேசினார். கண் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். அதில் நான் இருந்தேன், ஆறு நிறையத் தண்ணீர் ஓடுவது இருந்தது, பாயின் வழுக்கை கூட இருந்தது. நான் ம் கொட்டிக்கொண்டு கீரை ஆய்ந்தேன். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பாய் நேராக ரயிலடியிலிருந்து வந்தார். பிடித்தமெல்லாம் போக ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரு மஞ்சள் பையில் பத்துக் கட்டுகள். அதை இவர் மடியில் வைத்துவிட்டு, சொன்னபடியே இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் காபி கொண்டுவந்தேன். இவர் ஒவ்வொரு கட்டாக எடுத்து விரலால் நீவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் என்னைப் பார்த்தார். சொல்லுங்க தங்கச்சி என்பதுதான் அந்தப் பார்வை. என்ன சொல்ல வேண்டும் என்று விடிய விடிய மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். நாலே வாக்கியம்தான்.

"என்னங்க, அந்த ஆபரேஷன் விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

அவர் விரல் நின்றது. முகத்தை என் பக்கம் திருப்பினார், ஆனால் சரியாக என் பக்கம் இல்லை, கொஞ்சம் தள்ளி ஜன்னலைப் பார்த்து.

"பத்தலையா?" என்றார்.

நான் காபித் தட்டை ஜன்னல் திண்டில் வைத்தேன்.

"பரவால்ல, சொல்லு டீச்சர். எவ்வளவு குறையுது?"

அவர் குரலில் துளி பயம் கூட இல்லை. காசு குறைவது அவருக்குப் பழகிய விஷயம். பாய் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன்.

"இன்னும் ரெண்டு லட்சம் ஆகும்போல இருக்குங்க" என்றேன்.

பாய் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இவர் முகம் தெளிந்துவிட்டது. ரெண்டுதானே என்றார். அடுத்த பெரிய ரேஸ் எப்போது என்று பாயிடம் கேட்டார். பாய் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அவருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு இவர் கட்டுகளைப் பத்திரமாகப் பைக்குள் வைத்து என்னிடம் நீட்டினார். வியாழக்கிழமை புத்தகம் வந்துவிடும், போய் வாங்கி வா என்றார். சரிங்க என்றேன்.